வராதவன் பட்டியலுக்குப் புதுப் பேர்

நிரல் எழுதுகிற தொழில் என்றால் கணனிக்குள் இருக்கிறதுக்கெல்லாம் பேர் வைக்கிற தொழில். மற்றவன் வைத்த பேரைப் பார்த்து முகம் சுளிப்பது அதில் பாதி வேலை.

முப்பது வருஷத்துக்கு மேல் இதைச் செய்கிறேன். முதலில் பாலாவிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். பிறகு புத்தளம் டவுனில் ஃபர்ஹானின் கம்பனியில். கம்பனி என்றால் செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஃபர்ஹான் என் கூட்டாளியின் மகன். மலேசியாவில் படித்துவிட்டு வந்து முதலாளியானவன். என்னை மாமா என்பான், நான் சொல்வதைக் கேட்கமாட்டான். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கும் ஒரு ஃபர்ஹான் இருப்பான். ஆகவே விளக்கம் வேண்டாம்.

பாஸ் போன பிறகு

யுத்த காலத்தில் எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவன் கடற்படைக்குப் பாஸ் காட்டிவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவான். திரும்பி வந்தும் முகம் காட்டுவான். அதைத் திட்டாத ஆள் இல்லை. யுத்தம் முடிந்தது, பாஸும் போனது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. யார் இன்னும் கடலில் நிற்கிறான் என்று இனிமேல் ஒருவருக்கும் தெரியாது.

கற்பிட்டிப் பக்கம் ஒரு மீனவர் சங்கம். அதன் செயலாளர் செபமாலை எங்களிடம் வந்தார். வேலை சின்னது. வள்ளம் இறங்கும்போது கரையில் இருக்கிற சங்க எழுத்தர், கிளாக் என்போம், அதன் இலக்கத்தையும் திரும்புகிற நேரத்தையும் கணனியில் தட்டுவார். வந்ததும் இன்னொருமுறை தட்டுவார். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணித்தியாலம் போயும் வராத வள்ளம் ஒரு பட்டியலில் விழும். சங்கத்துப் பெரியவர்கள் மூன்று பேருக்கு மெசேஜ் போகும். முதலில் வந்ததையும் வராததையும் சேர்த்தே அனுப்பினேன். இரண்டே நாளில் செபமாலை படியேறி வந்துவிட்டார். முஸ்லிம் ஆளை அண்ணன் என்கிற இடத்தில் நானா என்பார்.

“வந்தவனைப் பற்றி எனக்கு மெசேஜ் வேணாம் நானா. வந்தவன் எனக்கு முன்னாலயே வந்து நிப்பான். வராதவனைச் சொல்லுங்க, அது காணும்.”

ஒன்பது அந்தோனியார்

அவர் வாயில் வந்த சொல்லையே நிரலில் பட்டியலுக்குப் பேராக வைத்தேன்: வராதவன். ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல். மற்றதெல்லாமும் அப்படித்தான். இறக்கு, ஏற்று, சொன்னநேரம். ஆறு மாதம் கழித்து நானே திறந்து பார்த்தாலும் விளங்கவேண்டும். வேறு யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதுதான் முதல் மடத்தனம்.

வள்ளங்களின் பேரை மட்டும் தொடவில்லை. பட்டியல் எடுத்தபோது அந்தக் கரையில் ஒன்பது வள்ளத்துக்குப் புனித அந்தோனியார் என்று பேர். சில வள்ளம் விற்று, வாங்கினவன் வேறு பேர் தீட்டியிருந்தான். ஆகவே இலக்கத்தைத் தாருங்கள், பேர் வேண்டாம் என்றேன். வின்சன்ட் என்று ஒருவன், முப்பத்தைந்து வயது, வாய்க்காரன், வலையை உதறிக்கொண்டே சொன்னான்:

“இலக்கம் உங்களுக்கு ஐயா, பேர் அந்தோனியாருக்கு. முழுகினா யாரைக் கூப்பிடுவன், நாலாயிரத்துச் சொச்சத்தையா?”

பூசை நேரம்

மெசேஜ் அனுப்புகிற வேலையைப் புத்தளத்தில் இருந்த எங்கள் பெரிய கணனி செய்யவில்லை. கரையில் சங்கக் கட்டடத்து அலுமாரிக்கு மேலே ஒரு பழைய பெட்டியை வைத்தேன். அதற்குள் நான் எழுதிய ஒரு சின்ன நிரல். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அது புத்தளத்தைக் கேட்கும்: ‘வராதவன்’ பட்டியலைத் தா. தந்தால் தனக்குள் இருக்கிற போன் சிம்மில் இருந்து மெசேஜ் அனுப்பும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

கற்பிட்டியில் இன்டர்நெட் லைன் அடிக்கடி விழும். விழுந்தால் பெட்டிக்குப் பதில் கிடைக்காது. பதில் கிடைக்கவில்லை என்று அது மூன்று பெரியவர்களுக்கும் மெசேஜ் அடிக்கும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அது சரியான எழுத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கம் நடக்கும்போது, முன் வரிசையில் இருந்த மூன்று பேரின் போனும் ஒன்றாக அலறியிருக்கிறது. அடுத்த ஞாயிறும் அதே. திங்கட்கிழமை செபமாலை வந்து நின்றார். நான் ஒரு வரியை மாற்றினேன். பதில் கிடைக்காவிட்டாலும், கிடைத்த பதில் விளங்காவிட்டாலும், யாரும் வராமல் இல்லை, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள். சும்மா இரு. உங்களில் எத்தனை பேர் இந்த வரியை எழுதியிருக்கிறீர்கள்? கையை உயர்த்த வேண்டாம். செபமாலைக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“இப்பத்தான் நானா நல்லது. இவ்வளவு நாளும் ஃபாதர் சாத்தானைப் பற்றிச் சொல்லேக்க என்னையே பார்த்தவர்.”

கொழும்பில் இருந்து வந்தவர்

இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஃபர்ஹானுக்கு ஆசை வந்தது. கொழும்பில் ஒரு பெரிய கம்பனி, இதே மாதிரி வேலையை வேறு கரைகளுக்கும் செய்ய ஆள் தேடுகிறதாம். அங்கிருந்து ஒருவர் வந்தார். இறால் பொரியலும் பிளேன்டீயும் முடிந்தபிறகு நிரலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மேலிருந்து கீழே உருட்டினார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தமிழர்தான். தன் பாஷையை நிரலில் கண்டு அவருக்கு வெட்கமாக இருந்திருக்கும்.

நிரல் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் எத்தனை வள்ளத்தைத் தேடிப் பிடித்தது என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஃபர்ஹான் எனக்கு முகம் தராமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்தவர் காரில் ஏறுகிறபோது என் தோளில் தட்டினார். எனக்கு யாரும் தோளில் தட்டுவது பிடிக்காது.

“அங்கிள், உங்கட புரோகிராமை வாசிக்கிறதுக்கு இன்ஜினியர் போதாது, ஒரு மீன்காரரையும் கூட்டிக்கொண்டு வரவேணும்.”

ஒரு பொத்தான்

அடுத்த நாள் ஃபர்ஹான் புதுக் கருவி ஒன்றோடு வந்தான். நாங்கள் ஒரு பேரை மாற்றுவதென்றால் நிரலை முழுக்கக் கடதாசியில் அடித்து, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, ஒவ்வொன்றாகத் திருத்துவோம். இரண்டு நாள் போகும். இந்தக் கருவியில் பேருக்கு மேலே வைத்து அமத்தி, புதுப் பேரைத் தட்டினால், அந்தப் பேர் நிரலில் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் மாறும். கண் வெட்டுகிற நேரம். வராதவன் ‘லேட் வெசல்ஸ்’ ஆனான். இறக்கு, ஏற்று, சொன்னநேரம் எல்லாம் கோட் சூட் போட்டன. பேர் மாறியபின் எல்லாம் சரியா என்று சோதனை ஓட விட்டான். எல்லாம் பச்சை. பச்சையாகாமல்? சோதனைக்குள் இருந்த பேரையும் அதே கருவிதானே மாற்றியது. கள்ளன் தன் சாட்சியையும் தானே கூட்டிக்கொண்டு வந்த மாதிரி.

நான் பின்கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஃபர்ஹான் ஒருமுறை திரும்பினான். “இந்தப் பேர் வேற எங்கயாவது இரிக்கா மாமா?” என்றான். ஒழுங்காகத்தான் கேட்டான். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அலுமாரிக்கு மேலே இருக்கிற பெட்டி ஞாபகம் வந்திருக்கும். யோசிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வைத்த பேரை அழித்துவிட்டு என்னிடமே கேட்கிறான் என்ற கோபம். “என்னட்ட ஏன் கேக்கிற? உன்ட கருவியைக் கேளு” என்றேன். அவன் கருவியில் எதையோ அமத்திப் பார்த்தான்.

“கேட்டன் மாமா. ஒண்டும் இல்லையாம்.”

சந்தோஷமான மூன்று கிழமை

கருவி பொய் சொல்லவில்லை. அது தன் முன்னால் இருந்த நிரலை மட்டும் பார்த்தது. கரையில் இருந்த பெட்டியை அதற்கு யாரும் காட்டவில்லை. பெட்டி பாவம், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ‘வராதவன்’ பட்டியலைத் தா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் கணனி, அப்படி ஒரு பட்டியல் என்னிடம் இல்லை என்றது. பதில் விளங்காத பெட்டி, நான் சொல்லிக் கொடுத்தபடியே, யாரும் வராமல் இல்லை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்தது.

சும்மா இருக்கிற சாமானை யார் சந்தேகப்படுவான்? மூன்று கிழமை அப்படியே போனது. பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செபமாலை. கையில் மருந்துப் பை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

“இப்ப மெசேஜ் ஒண்டும் வாறதில்ல நானா. ஆக்கள் நேரத்துக்கு வரப் பழகிட்டாங்க. எல்லாம் உங்கட கம்பியூட்டருக்குப் பயம்.”

சோறு

ஒரு செவ்வாய்க்கிழமை வின்சன்ட்டும் அவன் மச்சானும் விடியமுதல் இறங்கினார்கள். பதினொரு மணிக்கு வருவதாக அவர்கள் சொல்ல, கிளாக் தட்டியிருக்கிறார். ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று, வரவில்லை. கரையில் யாரும் அசையவில்லை. காரணம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் காற்று மாறினாலோ, மீன் வியாபாரி வேறு இடத்தில் நின்றாலோ, வள்ளக்காரன் பக்கத்து மீன்வாடிக் கரையில் வள்ளத்தை ஏற்றி, கிளாக்குக்குப் போனில் சொல்லிவிட்டுப் பின்னேரம் ஆறுதலாக வருவான். கிழமைக்கு இரண்டுமுறை நடக்கிற சங்கதி. பதறுகிறவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

வின்சன்ட்டின் பெண்சாதி ரீட்டா சங்கக் கட்டடத்துக்குப் போனாள். கருவாட்டுக் கை, கழுவவும் இல்லை. செபமாலை கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லியிருக்கிறார். பிந்தினால் கம்பியூட்டர் மெசேஜ் அனுப்பும் பிள்ளை, அனுப்பவில்லை, ஆகவே வந்துவிட்டான், பக்கத்து வாடியில் நிற்பான், வீட்டுக்குப் போ என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அவள் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டிருக்கிறாள்.

“கம்பியூட்டருக்கு அவர் வந்திட்டார் எண்டா, சோறு தின்ன வீட்டுக்கும் வரச் சொல்லுங்க.”

சிவப்பு வரி

அவளை அனுப்பிவைக்க வழியில்லாமல்தான் செபமாலை எனக்குப் போன் எடுத்தார். “ஒண்டும் இல்ல நானா, இந்தப் பிள்ளைட மனசுக்கு ஒருக்காப் பாருங்க” என்றார். நான் எழும்பிப் பெரிய கணனியில் பட்டியலைத் திறந்தேன். லேட் வெசல்ஸ். ஒரே ஒரு வரி. வின்சன்ட்டின் இலக்கம். பன்னிரண்டு மணியில் இருந்து சிவப்பு. கணனிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டரை மணித்தியாலமாக, பூட்டிய அறையில் கத்துகிற மாதிரி, அது யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டி அப்போதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

“செபமாலை, அவன் வரல்ல. வள்ளத்தை இறக்குங்க” என்றேன். “மெசேஜ் வரல்லியே நானா” என்றார். “மெசேஜை விடுங்க. இறக்குங்க. கடற்படைக்கும் சொல்லுங்க.” அந்தப் பக்கம் பின்னால் ரீட்டா யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவது கேட்டது. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். என் வயதில் ஒரு மனுசனுக்குக் கேட்கக் கிடைக்கக்கூடாத கேள்வி.

“அப்ப இந்த மூண்டு கிழமையா வேற யாரெல்லாம் வரல்ல நானா?”

பாலாவிச் சந்தி

ஃபர்ஹான் காரை எடுத்தான். ஏறமுன் மூன்று கிழமைப் பட்டியலையும் பார்த்துவிட்டோம். பிந்தினவர்கள் பதினாலு பேர், எல்லாரும் பிறகு வந்து சேர்ந்திருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். நாங்கள் காப்பாற்றவில்லை. பாலாவிச் சந்தியில் உப்பு லொறி ஒன்று குறுக்கே நின்றது. ஃபர்ஹான் ஹோர்ன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுகிற மாதிரி இருந்தான்.

“கருவியில பிழையில்ல மாமா, நான்தான் பெட்டியை மறந்திட்டன்” என்றான். பெட்டியை அவன் கண்டதே இல்லை. அதை வைத்தபோது அவன் மலேசியாவுக்குப் பட்டம் வாங்கப் போயிருந்தான். காணாததை ஒருவன் எப்படி மறப்பான்? நான் அதைச் சொன்னேன். பேர் வேறெங்கே இருக்கிறது என்று நீ கேட்ட அன்றைக்கு நான் கோபத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் முதலாளி ஒருவனிடம் பிழையை ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். லொறி விலகியது.

“மாமா, அதை அங்க போய் அந்தப் பிள்ளைக்கிட்டச் சொல்லுங்க. எனக்கு வேணாம்.”

வின்சன்ட் சொன்னது

நாங்கள் போனபோது ஐந்து வள்ளம் இறங்கிப் போயிருந்தது. கரை முழுக்கச் சனம். ரீட்டா தண்ணீருக்குள் முழங்கால் வரை நின்றாள். அவளிடம் சொல்லவேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, தள்ளி நின்றேன். அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு, சூரியன் இன்னும் நல்ல உயரத்தில் இருக்கும்போது, ஒரு வள்ளம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வருவது தெரிந்தது. எஞ்சின் சூடேறிச் சிக்கி, நங்கூரக் கயிறு அடி முட்டாத ஆழத்தில், நீரோட்டம் வடமேற்கே கொண்டுபோயிருக்கிறது. போனுக்கு சிக்னல் இல்லை. இன்னும் இரண்டு மணித்தியாலம் போயிருந்தால் தேடிப் போனவர்களின் கண்ணுக்கும் எட்டியிராது என்றார்கள். மச்சான்காரனை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். வெயிலில் உதடு வெடித்து, வாய் குழறியது.

வின்சன்ட் தானே குதித்து இறங்கினான். ரீட்டா அவன் நெஞ்சில் ஒரு அடி அடித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தாள். நான் கிட்டப் போனேன். மெசேஜ் போகாதது என்னால் என்று இருவருக்கும் சேர்த்துச் சொன்னேன். ரீட்டா என்னைப் பார்க்கவே இல்லை. வின்சன்ட் போத்தலைப் பாதி குடித்துவிட்டு வாயைத் துடைத்தான். அந்தக் கரையில் ஒரு செத்தவீடு என்றால் அன்றைக்கு ஒருவனும் வள்ளம் இறக்கமாட்டான். அதை மனதில் வைத்துத்தான் சொன்னான்.

“பன்னிரண்டு மணியில இருந்து பார்த்துக்கொண்டே கிடந்தம் ஐயா, ஒரு வள்ளம் வரல்ல. மச்சான் கேட்டான், கரையில செத்தவீடோ எண்டு. எங்கட செத்தவீடு எண்டு நான் சொல்லல்ல.”

அறிக்கை

ஃபர்ஹான் கொழும்புக்கு ஓர் அறிக்கை அனுப்பினான். கருவி சொன்னபடி செய்தது, சோதனைகள் சரியாக ஓடின, சங்கம் கேட்டபடி எழுதப்பட்டது, அலுவலர்கள் நடைமுறைப்படி நடந்தார்கள். நல்ல ஆங்கிலம். அதில் மனுசர் யாரும் இல்லை. பழைய பேரைத் திரும்ப வைக்கட்டுமா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம் என்றேன். பேர் என்னவாகவும் இருக்கட்டும். கரைப் பெட்டியில் நான் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் அழித்தேன். பதில் விளங்காவிட்டால் இனி அது கத்தும். பூசையிலும் கத்தும். பிரசங்கத்திலும் கத்தும்.

சங்கத்தில் கூட்டம் வைத்து இதையெல்லாம் விளக்கினோம். பெரியவர்கள் தலையாட்டினார்கள். கடைசியில் ரீட்டா எழும்பினாள். வராதவனைப் பற்றிய மெசேஜ் மூன்று பேருக்குத்தானே போகிறது, அந்த மூன்று பேரும் யார் என்று கேட்டாள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்றேன். அவர்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறார்களா என்று கேட்டாள். இல்லை. இரண்டு வருஷமாக என் மண்டையில் ஏறாத கேள்வி. அன்றைக்கே, அந்தக் கூட்டத்திலேயே, ஒவ்வொரு வள்ளத்துக்கும் நேராக ஒரு வீட்டின் போன் இலக்கத்தை எழுதத் தொடங்கினேன். முதலில் தன் இலக்கத்தைச் சொன்ன ரீட்டா, நான் எழுதியது சரியா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

“வராதவன் ஆருக்கு வேணும் எண்டு முதல்ல கேளுங்க ஐயா. பிறகு மெசேஜ் அனுப்புங்க.”

தொகுத்துச் சொன்னால், கருவி சரி, ஃபர்ஹான் சரி, செபமாலை சரி, அறிக்கைப்படி நானும் சரி. இரண்டு மனுசர் மட்டும் அரைநாள் கடலில் கிடந்தார்கள்.